தங்கச்சிக்குக் கொடுத்த குளிசை

மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமிக்கு ஆறு வருசமாக நீர்க்கடுப்பு வந்து வந்து போனது. மலையில் ஒதுங்க இடமில்லை. காலையில் ஒரு மிடறு தேத்தண்ணீரோடு ஏறினால் மாலை வரை தண்ணீரே குடிக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து, வைரவநாதனின் மருந்துக்கடையில் நிற்பாள்.

“என்ன தங்கச்சி, மறுபடியுமா? இந்தா, ரெண்டு நாளைக்குப் போடு. எரிச்சல் நின்னதும் விட்டுரு” என்று மாத்திரை அட்டையிலிருந்து நாலு குளிசையை வெட்டிக் கொடுப்பார். டவுனில் தன் முகம் பார்த்துப் பேசும் ஒரே மனிதர் என்று அவர் மேல் அவளுக்கு அத்தனை மதிப்பு. தைப்பொங்கலுக்கு வீட்டுப் பக்கம் காய்த்த போஞ்சிக்காய் ஒரு பை கொண்டுபோய்க் கொடுப்பாள்.

போன கார்த்திகையில் அந்தக் குளிசைக்கு எரிச்சல் கேட்கவில்லை. வேறொன்று கொடுத்தார், அதற்கும் கேட்கவில்லை. குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட, விலாவைப் பிடித்துக்கொண்டு துடித்தவளைக் கணவன் மாரிசாமி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

மூன்றாம் நாள் சிறுநீர்ச் சோதனை முடிவு வந்ததும், டொக்டர் நஸ்மியா கட்டிலருகே வந்தார்.

“கடையில வாங்கி அரைகுறையா மருந்து குடிச்சா பலமில்லாத கிருமிதான் சாகும். தப்பினது பெருகும். உங்க உடம்புல இப்ப இருக்கிறது அதுதான். கிட்னி வரைக்கும் போயிட்டுது. இனி குளிசை கேக்காது, ஊசிதான்.”

“கடைக்கார அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்காதுங்க” என்று விஜயலெட்சுமி பரிந்து பேசினாள்.

பத்து நாள் ஊசிக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் வழியில், அவரிடம் சொல்லிவைத்தால் மற்றவர்களுக்காவது உதவுமே என்று கடையில் ஏறினாள். வைரவநாதன் முதுகைக் காட்டியபடி, கொழும்பில் படிக்கும் மகள் துவாரகாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“எரியுதுன்னு கண்ட குளிசையைப் போட்டுறாதம்மா. முதல்ல யூரின் சோதிக்கக் குடு. டொக்டர் எழுதினதை முழுசாக் குடிச்சு முடி. இல்லாட்டி அப்புறம் எந்த மருந்தும் கேக்காது.”

திரும்பியவர் அவளைக் கண்டார்.

“இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்றாள்.

“நீ வேலைக்குப் போகணும்னு அவசரமா வந்து நிப்ப...”

“எனக்கு அவசரம். ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சே! தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டுக்கிட்டே குடுத்தீங்களே!”

அவள் படியிறங்கிய பிறகுதான் அழுதாள்.

சித்திரையில் மறுபடி காய்ச்சல்; மறுபடி ஏழு நாள் ஊசி. இப்போது தண்ணீர்ப் போத்தலோடு மலைக்குப் போகிறாள். கங்காணி முறைத்தாலும் லயத்துக் கக்கூசுக்கு இறங்கிப் போய்விட்டு வருகிறாள். நடந்ததை, தன்னோடு வேலை செய்யும் பெண்களிடம் சொன்னாள்.

“அவரு நல்ல மனுசன் புள்ள” என்றார்கள் பலர்.

அவர்களோடு அவள் சண்டை போடவில்லை. போன வருசம் வரைக்கும் அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.