மூன்றாவது பப்பில் கேட்ட குரல்கள்

கிளைவ் ஹார்ட்ஸ்ஹார்ன் இரும்புத் தகடு அழுத்தும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். அந்த இரைச்சல் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஓய்வு பெற்றபின் காது மிஷின் மாட்டிக்கொண்டார். வீட்டில் அது உதவியது. பப்பில் மட்டும் அதுவே எதிரியானது. பாட்டு, டி.வி.யில் கால்பந்து, சூதாட்டப் பெட்டியின் கிணிகிணிப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து தலைக்குள் கொட்டும். எதிரே இருப்பவரின் வாய் அசைவது மட்டும் தெரியும். மெல்ல மெல்லப் போவதையே விட்டுவிட்டார். கேட்டவர்களிடம் முட்டிவலி என்று சொல்லிவைத்தார்.

அப்படியிருக்க, ஒரு வருடம் அவர் ஊரான இங்கிலாந்தின் லிச்ஃபீல்டில் மூன்று சின்னப் பப்புகள் திறந்தார்கள். மூடிக்கிடந்த கடையை எடுத்து, நாலு மேசை போட்டு, பீப்பாயிலிருந்து நேராகப் பீர் பிடித்துத் தருகிற இடங்கள். பாட்டும் கிடையாது, டி.வி.யும் கிடையாது. ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், பட்டறையில் கூட வேலை பார்த்த நெவில் பேஜெட், கிளைவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டேய், கோட்டை மாட்டு. மூணையும் இன்னிக்கே பாத்துடலாம்."

"முட்டி வலிக்குதுடா."

"காலையில தோட்டத்துல மண்ணு கொத்திக்கிட்டு இருந்தியே, அது யாரு முட்டி?"

கிளைவின் மனைவி ஹிலரி கோட்டை எடுத்து வந்து கையில் திணித்தாள். "கூட்டிட்டுப் போ நெவில். இவரு வைக்கிற டி.வி. சத்தத்துல என் காதும் போயிடும்போல."

முதல் பப் பழைய கறிக்கடை. தரையிலிருந்து கூரைவரை வெள்ளை டைல்ஸ். பத்துப் பேர் பேசினாலே பாத்திரங்களை உருட்டிவிட்டது போலிருந்தது. நடத்துகிற ராஸ் என்ற பெண் கிளைவிடம் குனிந்து ஏதோ கேட்டாள். சிரித்துத் தலையாட்டினார். மறுபடி கேட்டாள். மறுபடியும் ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் வினிகரில் ஊறிய மூன்று முட்டைகள் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தன.

"உனக்கு முட்டையே ஆகாதேடா!" நெவிலுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கிளைவ் சிரிக்கவில்லை. முகம் சிவக்க எழுந்து வெளியே போனார். நெவில் பின்னாலேயே ஓடினார்.

"அவ என்ன கேட்டான்னே தெரியலடா," என்றார் கிளைவ், தெருவைப் பார்த்தபடி. "பப்புல யாரு என்ன பேசினாலும் எனக்கு விளங்குறதில்ல. ரொம்ப நாளா."

"இதச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கிழவன்னுவீங்க."

"கிழவனுங்கதானே நாம?"

இரண்டாவது பப்பின் கதவைத் திறந்து நெவில் தலையை மட்டும் நீட்டினார். வெறும் பலகைத் தரை. யாருக்கோ பிறந்தநாள், எல்லாரும் உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். "இது வேணாம், வா," என்று கதவைச் சாத்தினார்.

மூன்றாவது, பழைய கம்பளி நூல் கடை. நடத்துகிறவர் இட்ரிஸ் என்ற வேல்ஸ்காரர். கடையின் தடித்த கம்பளத்தையும் கனத்த திரைச்சீலைகளையும் அப்படியே விட்டுவைத்திருந்தார். இரைச்சலையெல்லாம் அவை உறிஞ்சிக்கொண்டன. நெவில் நண்பரை மூலையில் சுவரில் முதுகு சாயும்படி உட்கார வைத்துவிட்டு, ஆளுக்கொரு பைன்ட் பீர் வாங்கி வந்தார். முதல் மடக்கு குடித்த கிளைவ் கிளாஸைக் கீழே வைக்க மறந்துபோனார். பக்கத்து மேசையில் ஒரு பெண் பேசுவது, அவள் வாயைப் பார்க்காமலேயே, முழுசாக அவருக்குக் கேட்டது.

"நல்ல நாய்தான். ஆனா குளத்தங்கரைக்குப் போனா வாத்தப் பாத்து நடுங்குது."

மேசைக்கடியில் ஈரமாக ஒரு பெரிய நாய் படுத்திருந்தது. கிளைவ் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

"அது வாத்துங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்மா. இந்நேரம் ஊரு பூரா சொல்லியிருக்கும்."

அந்தச் சின்ன அறையே சிரித்தது. ஒவ்வொருவர் சிரிப்பும் அவருக்குத் தனித்தனியாகக் கேட்டது. நெவிலுடைய கரகரப்பு, அந்தப் பெண்ணின் கீச்சு, பீப்பாய்ப் பக்கத்திலிருந்து இட்ரிஸின் தடித்த சிரிப்பு. கிளைவ் மூக்கைச் சிந்துவதுபோல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

இட்ரிஸ் வந்து, "இன்னொண்ணு ஊத்தட்டுமா ராசா?" என்றார்.

"ஊத்துங்க. அப்புறம் ஒண்ணு. எனக்குக் காது மந்தம். பேசணும்னா இந்தக் காதுப் பக்கமா வந்து பேசுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அதை வெளியாள் ஒருவரிடம் சொன்னார். இட்ரிஸ் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்து அந்தப் பக்கமாகவே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்குப்பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் கிளைவ் அங்கே போகிறார். கோடை முடிவதற்குள் காது மிஷின் மாட்டிய இன்னும் இரண்டு பேர் அந்த மூலைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். பீப்பாய்ப் பக்கம் நிற்கிறவர்களைவிட அவர்கள் போடுகிற சத்தம்தான் இப்போது அதிகம் என்று இட்ரிஸ் முறையிடுகிறார்.