ஒன்பது மணிக் கையெழுத்து

சென்ற வாரம் சிதம்பரத்தில் ஒரு ஃப்ரைடு ரைஸ் கடையில் உட்கார்ந்திருந்தோம். என் மகன் மேசையிலிருந்த வினிகர் பாட்டிலைத் திறந்து தன் தட்டில் தாராளமாக ஊற்றினான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். என் மனைவி செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது என் பழைய சட்டையின் வாசனை என்று அவளுக்குத் தெரியும்.

கடலூர் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வகத்தில் அப்போது வேலை பார்த்தேன். மருந்துக் கம்பெனி என்றுதான் ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நாங்கள் செய்தது, மாத்திரையாக மாறுவதற்கு இன்னும் நாலு கம்பெனி தாண்ட வேண்டிய ஒரு வெள்ளைப் பொடி. அது எந்த நோய்க்கு என்று பெண் பார்க்கப் போனபோது மாமனார் கேட்டார். கையை ஒரு மாதிரி ஆட்டிச் சமாளித்தேன். அவருக்கு அது முக்கியமும் இல்லை. "பர்மனெண்ட்தானே?" என்று அடுத்த கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பொடிக்குப் போடுகிற அமிலத்தின் வாசனை சட்டையை விட்டுப் போகவே போகாது. செல்வி என் யூனிஃபாரத்தை மட்டும் தனிக் கொடியில் காயப்போடுவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், ஊறுகாய் ஜாடி ஏதும் வைத்திருக்கிறேனா என்று என் பையைப் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் பர்மனெண்ட் ஆன முதல் ஆள் நான்தான்.

இரண்டாயிரத்து ஆறில் கம்பெனியை மூடினார்கள். மூடினார்கள் என்று சொல்லக் கூடாது. 'தற்காலிக நிறுத்தம்' என்றுதான் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆர்டர் வந்ததும் திறப்பார்களாம், அதுவரை பாதிச் சம்பளமாம். ஆனால் வேலை நாள்தோறும் காலை ஒன்பது மணிக்குக் கேட்டுக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்தால் வேலை செய்யத் தயார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வராதவன் போய்விட்டான் என்று அர்த்தம்.

ஆக, எங்கள் ஊர் புவனகிரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போவேன், கையெழுத்துப் போடுவேன், திரும்புவேன். உடனே திரும்பினால் தெருவில் கேட்பார்களே என்று டிபன் பாக்ஸையும் எடுத்துப் போவேன். அங்கே போனால் எல்லோர் கையிலும் டிபன் பாக்ஸ். கேட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்து, பன்னிரண்டரை ஆனதும் எல்லோரும் ஒன்றாகத் திறப்போம். அதற்கு முன்னால் யாரும் திறக்க மாட்டார்கள். ஒருமுறை காய்ச்சல் வந்தபோது, கையெழுத்துப் போட வர இயலவில்லை என்று விடுப்பு விண்ணப்பமே எழுதிக் கொடுத்தனுப்பினேன். டைம் ஆபீஸ் கிளார்க் இருதயராஜ் அதை வாங்கி சீல் குத்திக் கோப்பில் சேர்த்தார். அவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர், எதையும் கோணலாகச் செய்யத் தெரியாதவர்.

வாரம் ஒரு வதந்தி வரும். ஒருநாள் டீசல் லாரி ஒன்று கேட்டருகே திரும்பியது. அவ்வளவுதான், அடுத்த வாரம் ஷிப்ட் போடுகிறார்கள் என்று பேச்சு. அந்த லாரி வழி தவறி வந்திருந்தது. இப்படியே ஐந்து மாதம் ஓடியது.

அப்போதுதான் செல்வியின் தம்பி இளங்கோ ஒரு சேதி கொண்டுவந்தான். அவன் அண்ணாமலை நகர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை பார்த்தான். அங்கே வேதியியல் ஆய்வகத்துக்கு ஆள் தேவை. சம்பளம் பழையதைவிடக் குறைவு, பர்மனெண்ட் எல்லாம் கிடையாது. "வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க மாமா, இல்லன்னா வேற ஆள வச்சிருவாங்க" என்றான்.

எனக்குப் பயமாக இருந்தது. நான் விட்டுப் போன மறுநாளே கம்பெனியைத் திறந்துவிட்டால்? பர்மனெண்ட் வேலையை உதறிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாய் கழுவுகிறவன் என்று மாமனார் என்னைப் பார்ப்பாரே. மூன்று நாள் இதையே சொல்லிப் புலம்பினேன். செல்வி மூன்றாம் நாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க வேலைக்குப் போறீங்களா, கையெழுத்துக்குப் போறீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பள்ளிக்கூட வேலை வேண்டாம் என்று இளங்கோவிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வெள்ளிக்கிழமை கேட்டுக்குப் போனேன்.

கேட்டை ஒட்டிய அறையில் இருதயராஜ் ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாகக் குனிந்திருந்தார். பழைய பதிவேடு தீர்ந்துவிட்டதாம். முன்னால் ஒரு புது நோட்டு, கெட்டி அட்டை, நானூறு பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் எங்கள் பெயர்களை வரிசையாக எழுதி முடித்திருந்தார். சும்மா புரட்டிப் பார்த்தேன். தேதி எழுதிக் கட்டம் போட்டுக்கொண்டே போயிருந்தார்; அடுத்த பொங்கலையும் தாண்டியிருந்தது.

"எதுக்குங்க இவ்ளோ பெரிய நோட்டு?"

"நான் சின்னதுதான் சார் கேட்டேன். ஜாஸ்தி நாளைக்கு வரும்னு ஆபீஸ்ல இதத்தான் வாங்கி அனுப்புனாங்க."

ஐந்து மாத வதந்திகளுக்கும் அந்த அட்டையே பதில் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் பெயரைப் பார்த்தார்.

"அடிச்சிரட்டுமா சார்?"

அடித்துவிடுங்கள், ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்துக்குப் போகிறேன் என்றேன். ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டார். பிறகு மெல்லிய குரலில், அந்தப் பள்ளியில் தன்னைப் போல ஒருவருக்கு ஏதாவது இருந்தால் சொல்லச் சொன்னார்.

டீக்கடையில் தொங்கிய ஒரு ரூபாய் போனிலிருந்து இளங்கோவைக் கூப்பிட்டுச் சரி என்றேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும் அப்படியொரு பசி. காலை பத்து மணிக்கே டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

இதற்கு மேல் சொல்லப்போவது கொஞ்சம் வெட்கக்கேடு. அதன்பின் கடலூருக்குப் போகும்போதெல்லாம் கம்பெனி புகைபோக்கியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். புகை வந்துவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்ளும். கூட வேலை பார்த்தவர்கள் அதன் அடியில் காத்திருக்கிறார்கள் என்று தெரியும், இருந்தும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒருநாள் பார்த்தால் புகைபோக்கியையே காணோம். இடித்துவிட்டார்கள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, கூடவே குற்ற உணர்ச்சியும் வந்தது.

அன்றைக்கே திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டைல்ஸ் கடையில் இருதயராஜைப் பார்த்தேன். கணக்கு எழுதிக்கொண்டு நன்றாகவே இருந்தார். நான் போன அடுத்த வருடமே அவரும் கம்பெனியை விட்டு இங்கே வந்துவிட்டாராம். மனசு கேட்காமல் புகைபோக்கி விஷயத்தை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கம்பெனி தெறக்கணும்னு எங்கம்மா வாராவாரம் மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துவாங்க சார். அவுங்க அந்தப் பக்கம் போனதும், தெறக்கக் கூடாதுன்னு நான் ஒண்ணு ஏத்துவேன்."

வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

கேட்டும் அந்த அறையும் இப்போது இல்லை. வெறும் மதில்தான் நிற்கிறது. கண்டக்டர்கள் 'கம்பெனி கேட்டெல்லாம் எறங்கு' என்று குரல் கொடுத்த இடத்தில் இன்று பஸ் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. பல நேரம் அந்த இடம் போனதே எனக்குத் தெரிவதில்லை. ஜன்னலில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பேன்.