டவுன் மாட்டல்

சூடு ஆறாத கோதுமை மாவின் வாசம் எங்கேயாவது மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் என் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடுகிறது.

அப்பாவுக்கு மாற்றலாகி புதுக்கோட்டையிலிருந்து அரிமளத்துக்குக் குடிவந்தபோது நான் எட்டாம் வகுப்பு. புதுப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கும் டை உண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நூர்ஜகான். காலைக் கூட்டத்தில் தினமும் செய்தி வாசிப்பவள் அவள்தான். மைக் பழுதான நாட்களிலும் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்கும் குரல். சவுதியில் டிரைவராக இருந்த அவளுடைய அத்தா விடுப்பில் வந்தபோது எங்கள் இருவருக்குமாக இரண்டு டை கிளிப்புகள் வாங்கி வந்தார். ஒன்றில் சிவப்புக் கல், மற்றது வெறும் தகடு. "நீ மொதல்ல எடுத்துக்கடி" என்றாள். நான் கல் வைத்ததை எடுத்துக்கொண்டேன்.

அத்தாவே மாட்டிக் காட்டினார். "டையையும் சட்டையையும் சேத்துக் கவ்வணும்மா. இது நகை இல்ல, டை ஆடாமப் புடிச்சுக்கிற சாமான்."

மறுநாள் தன் தகட்டையும் என் கல்லையும் மாறி மாறிப் பார்த்து அவள் முகம் வாடியது. கல்லைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், அவளைச் சமாதானப்படுத்த ஒன்றைக் கட்டிவிட்டேன்: "சட்டையோட சேத்தா துணி சுருங்கி அசிங்கமா இருக்குடி. டையில மட்டும் சாச்சு மாட்டு. டவுன்ல அப்படித்தான் போடுவாங்க." டவுனில் யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. அவளோ கண்ணாடியைப் பார்த்து, "ஆத்தாடி, நானும் டவுனுக்காரியாயிட்டேன்" என்று சிரித்தாள். ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க அதற்கு "டவுன் மாட்டல்" என்று பெயராகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்து, அவள் அம்மா காலையில் கொடுத்துவிட்டுப் போயிருந்த கோதுமை டின்னை வாங்க மாவு மில்லுக்குப் போனோம். "இங்கிட்டு வராதீங்க பிள்ளைகளா, பெல்ட்டு ஓடுது" என்று மில்காரர் கத்தியது இரைச்சலில் பாதிதான் கேட்டது. நூர்ஜகான் டின்னைத் தூக்கக் குனிந்தாள். டை முன்னால் ஆடிப் பெல்ட்டில் சிக்கியது. அவள் ஒரு தடவை அலறினாள். மில்காரர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார்.

பிழைத்துக்கொண்டாள். பல வாரங்கள் கழித்துப் பள்ளிக்கு வந்தபோது அவள் தொண்டையிலிருந்து காற்று மட்டுமே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே உதட்டைப் பார்த்தால்தான் புரியும். செய்தி வாசிக்க வேறு பெண்ணைப் போட்டார்கள்.

அதற்கு முன்பே, ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தா என்னைக் கேட்டார்: "கிளிப்பு போட்டிருந்துச்சே, அப்பறம் எப்படிம்மா டை ஆடுச்சு? ஒனக்குத் தெரியுமா?" தெரியாது என்று தலையாட்டினேன். அவர் இறக்கும்வரை அந்தத் தலையாட்டலை நான் திருத்தவில்லை.

போன திங்கட்கிழமை காலை, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டருக்கு மேல் என் மகள் குனிந்து மாவை எட்டிப் பார்த்தாள். எட்டாம் வகுப்புதான் அவளும். கிளிப்பு டையில் மட்டும் சாய்ந்து தொங்க, டை உருளைக்கு நேராக ஆடியது. சுவிட்சைத் தட்டி, அவளைப் பிடித்து இழுத்ததில் சுவரில் போய் மோதிக்கொண்டாள். "என்னம்மா! எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க, ஸ்டைலுக்கு" என்று அழுதாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

இன்று காலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மில் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பெல்ட் போய்விட்டது, இரைச்சல் போய்விட்டது, கல் வைத்த கிளிப்பை நானே கண்மாயில் எறிந்துவிட்டேன். நூர்ஜகான் அறந்தாங்கியில் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் பார்க்கும்போது, மேளச் சத்தத்துக்கு நடுவே என் காதோடு வாய் வைத்து, "அன்னிக்கு நாந்தாண்டி சரியா மாட்டல" என்பாள்.

மகள் தன் டையிலிருந்து கிளிப்பைக் கழற்றி என் கையில் வைத்தாள். பிறகு, "நீங்க சொல்லித்தான் மாட்டுனாங்கன்னு அந்த ஆன்ட்டிகிட்ட இன்னும் சொல்லலையாம்மா?" என்றாள்.

பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அவள் டையையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்துக் கிளிப்பை மாட்டினேன். துணி சுருங்கத்தான் செய்தது. அவள் அதை நீவிவிடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.