பூந்தொட்டிக்குள் ஒரு ஹவுஸ் ஓனர்

என் மனைவிக்குச் சுவரில் ஆணி அடிக்கத் தெரியாது. அடித்துப் பழக எந்த ஹவுஸ் ஓனரும் விட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகள்தான். எங்கள் சுவர்க்கடிகாரம் இன்றுவரை ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்தபடியே மணி காட்டுகிறது.

"சொந்தமா ஒரு செவுரு வேணுங்க. ஒரே ஒரு ஆணி அடிக்கணும். ஏன்னு கேக்க ஆள் இருக்கக் கூடாது" என்பாள்.

எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இவள் கேட்டது வளைகூட இல்லை, ஒரு சுவர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் அதற்கும் எங்கே போவேன்?

இந்த லட்சணத்தில் அவளுக்குத் தொட்டிக்குள் தோட்டம் போடும் பித்துப் பிடித்தது. யாரோ செல்போனில் காட்டினார்களாம்: ஒரு பூந்தொட்டிக்குள் குட்டி வீடு, குட்டிப் பாதை, இறக்கை வைத்த குட்டித் தேவதை. அவள் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். உதிரிப் பொத்தான்கள் பாதையாயின. தெர்மாகோலை வெட்டிச் சுவர் எழுப்பி, பெயின்ட் அடித்து, ஐஸ் குச்சிகளால் கூரை போட்டாள். ஜல்லி பொறுக்கவும், மண் சலிக்கவும், குளியலறைச் சுவரில் பாசி சுரண்டவும் எடுபிடி நான். நாய் படாத பாடு.

எல்லாம் முடிந்ததும் ஒரு தேவதைப் பொம்மை வாங்கி வந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"இது வேணாங்க. றெக்கை எவ்வளவு அகலம் பாருங்க. செவுத்துல உரசி பெயின்ட் போயிரும்."

மாற்றிக்கொண்டு வந்தேன். அதன் கையில் புல்லாங்குழல் இருந்தது. சத்தம் போடுமாம். அடுத்தது ஒரு ஜோடி.

"ரெண்டே பேருன்னுதான் வருவாங்க. அப்புறம் சொந்தபந்தமெல்லாம் வந்து டேரா போடுவாங்க."

"இது பொம்மைம்மா!"

"பொம்மைன்னா என்ன? வீடு வீடுதானே?"

இத்தனை வருஷத்து ஓனர்களும் மொத்தமாக அவளுக்குள் குடியேறிவிட்டார்கள் போலிருந்தது. பொம்மைக் கடைக்காரர் என்னைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்திருந்தார். கடைசியாக, இறக்கையை மடித்து உட்கார்ந்திருந்த ஒற்றைத் தேவதையைக் கொண்டுவந்து பொத்தான் பாதையில் வைத்தேன். இனி மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள், ஆனால் வீட்டுக்குள் மட்டும் விடவில்லை. அது பால்கனித் தொட்டியில், வெயிலிலும் மழையிலும் குட்டி வீட்டு வாசலிலேயே கிடந்தது.

சமாதானமாகப் போகலாமென்று, தபால்தலை அளவில் ஒரு படம் வெட்டி அந்தக் குட்டிச் சுவரில் குண்டூசியால் குத்தப் போனேன்.

"செவுத்துல ஓட்டை போடாதீங்க!" என்று அலறினாள். படத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்தார்.

"பொண்ணு இங்கேயே வந்துடறாம்மா. அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க. உங்களுக்கென்ன, நல்ல மனுஷங்க, வேற எடம் கெடைக்கும்." சொல்லிக்கொண்டே நான்கு சுவரையும் நோட்டம் விட்டார். "ஆணி கீணி எதுவும் அடிக்கலியே?"

"ஒண்ணுகூட அடிக்கலம்மா" என்றாள் என் மனைவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றாவது அடித்துத் தொலைத்திருக்கலாம்.

அவர் இறங்கிப் போனதும் இவள் தையல் டப்பாவோடு பால்கனிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். தேவதையை எடுத்து, சேற்றை விரலால் துடைத்து, குட்டி வீட்டுக்குள் உட்கார வைத்தாள். நான் எறிந்த படத்தை எப்போதோ எடுத்து வைத்திருக்கிறாள். அதைத் தெர்மாகோல் சுவரில் குண்டூசியால் குத்தினாள். பிறகு இன்னொரு ஊசியை எடுத்து வெறும் சுவரில் குத்தினாள். அப்புறம் இன்னொன்று.

"அதுல ஒண்ணும் மாட்டலியே. எதுக்கு?" என்றேன்.

"இருக்கட்டுங்க. அவ எதையாச்சும் மாட்டிக்குவா. நான் கேக்க மாட்டேன்."