புள்ளி இல்லாத காலை

காயப்போட்ட சட்டையில் ஈரச் சருகு எரிந்த வாடை. பிரிக்பீல்ட்ஸில் இந்த வாரம் முழுக்க இப்படித்தான். கைப்பேசி, காற்று ‘மிதமானது’ என்கிறது. தொண்டை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வாடை வந்தாலே எனக்கு முதல் வேலை ஞாபகம் வந்துவிடும்.

மூன்று மேசை போட்ட சின்ன அலுவலகம் அது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, பள்ளிகளுக்குக் காலையில் புகைமூட்ட அறிக்கை அனுப்புவோம். படத்தில் மேகத்துக்கு விளிம்பு இருக்கும். புகையோ கண்ணாடியில் விரலை இழுத்த தடம் மாதிரி கிடக்கும். முதல் வாரமே சாதாரண மேகத்தைப் பார்த்து ‘புகை, புகை!’ என்று கூவினேன். அன்றிலிருந்து பக்கத்து மேசை மேரி அக்காவுக்கு நான் ‘சாட்டலைட்’.

அக்கா கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். ரயில்வேயில் ஓய்வுபெற்ற அவர் அப்பாவுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது, ஆனாலும் காலை நடையை விடமாட்டார். அக்கா என்னைக் கேட்டு வீட்டுக்கு போன் செய்த பிறகுதான் அவர் வாசலைத் தாண்டலாம். அது வீட்டுச் சட்டம்.

“என்னா சாட்டலைட், அப்பாவ விடலாமா?”

“விடுங்கக்கா. கிளியர் லா! சுமத்ராவுல ஒரு புள்ளிகூட இல்ல.”

கடலுக்கு அப்பால் சுமத்ராவில் காடு எரிந்தால் புகை இங்கே வரும்; நெருப்பு எரியும் இடம் படத்தில் சிவப்புப் புள்ளியாக விழும். மேகம் மூடினால் நெருப்பு இருந்தும் புள்ளி விழாது. அதனால்தான் மேகப் படத்தையும் திறந்து பார்க்க வேண்டும் என்று விதி. அது திறக்க நேரம் பிடிக்கும், எனக்கோ எல்லாவற்றிலும் அவசரம். அன்று திறக்கவில்லை. சுமத்ரா முழுக்க மேகம் போர்த்தியிருந்தது.

பத்து மணிக்குள் கிள்ளான் புகையில் மங்கிவிட்டது. நடை முடித்து பாசாரில் மீன் பார்த்துக்கொண்டிருந்த அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, “அந்தப் புள்ள கிளியர்னு சொல்லிச்சேம்மா…” என்றார். குறை சொல்லவில்லை, அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். நான் கட்டில் ஓரம் நின்றிருந்தேன்.

வீடு திரும்பினார், நடைதான் திரும்பவில்லை. அக்கா என்னைத் திட்டவும் இல்லை. மறுவாரம் வேலைக்கு வந்ததும் வீட்டுக்கு போன் செய்தார்.

“அப்பா, எந்திரிச்சிட்டீங்களா? எதிர் பிளாட் தெரியுதா? கதவத் தொறக்கலாமா?”

இன்று அந்த அலுவலகம் இல்லை, அந்த அப்பாவும் இல்லை. அக்கா வேலையை விட்டுப் போகும்வரை நான் தினமும் இரண்டு படங்களையும் திறந்துவைத்தேன். அவர் அப்பாவிடம்தான் கேட்டார்.