பொதிச்சோறு

வாழையிலையைத் தணலில் வாட்டி, நடுவில் சோற்றை வைத்து, துவையலையும் பொரித்த மீனையும் ஓரமாக ஒதுக்கி, மடித்து நாரால் கட்டினால் அது பொதிச்சோறு. திருவட்டாறு பக்கம் நாங்கள் வேறு பெயர் சொன்னதில்லை. என் அப்பா பொதிமாடு ஓட்டியவர். உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் மலையேறும். மாட்டுக்கு ஒரு பொதி, ஓட்டுகிறவனுக்கு ஒரு பொதி. பெயர் அப்படித்தான் வந்தது என்பார். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

மலையாள அரசின் கீழ் இருந்த எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்த காலம். ஊர்வலத்தில் போன என் தம்பியைப் போலீஸ் அடித்து நாகர்கோவில் லாக்கப்பில் போட்டது. அன்றே போய்ப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் சோற்றில் எதையாவது கலந்துவிடுவார்களோ என்று பயம்.

"நம்ம வீட்டுக் கட்டு இல்லாம எவன் என்னத்தத் தந்தாலும் தொடாத மக்கா" என்றேன்.

என் மனைவி நாரை மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சை மூலையில் போடுவாள். அவனுக்கு அது தெரியும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பொதியோடு போனேன். போராட்டக்காரர்கள் சார்பில், உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு சேர்த்து அனுப்பும் பொறுப்பு ஒரு பலசரக்குக் கடைக்காரரிடம் இருந்தது.

"என்னவே இது?"

"பொதிச்சோறு அண்ணாச்சி. தம்பிக்கு."

"பொதியா? அது கழுதை முதுகுல ஏத்துறதுல்லாவே!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கட்டுச்சோறுன்னு சொல்ல வாய் வரல்லியா? பேச்சு மலையாளத்தான் பேச்சு, போராட்டம் தமிழன் போராட்டம்!"

பொதியை வாங்கி அரிசி மூட்டை மேல் எறிந்தார். எப்படியும் கொடுத்தனுப்புவார் என்று நம்பி வெளியே வந்தேன். அந்த நம்பிக்கைக்காக இன்றும் என்னை நானே செருப்பால் அடிக்கலாம்.

சாயங்காலம் லாக்கப்பிலிருந்து விடப்பட்ட ஒருவன் சொன்னான்: "உம்ம தம்பி நேத்துலேருந்து ஒரு வாய் தின்னல்லவே. எங்களுக்கு வந்த புளிச்சோத்தக் குடுத்தோம். எங்க வீட்டுக் கட்டு இல்லன்னு தள்ளி வச்சிட்டான். எழும்பி நிக்க முடியல்ல அவனுக்கு."

கடைக்கு ஓடினேன். பொதி எறிந்த இடத்திலேயே கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. தமிழுக்காக அடி வாங்கினவனுக்கு, ஒரு பெயரைக் காரணம் காட்டிச் சோற்றை மறுத்தவர் அங்கே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அடுத்த நாள் அவர் கடைப் பக்கமே போகவில்லை. புதுப் பொதியோடு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் ஒரு மலையாளப் போலீஸ்காரன் கையை நீட்டித் தடுத்தான்.

"எந்தா அது?"

"பொதிச்சோறு."

"ஆர்க்கு?"

"தம்பிக்கு."

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. வாங்கி உள்ளே கொண்டு போனான்.

கம்பி வழியாகப் பார்த்தேன். தம்பியின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பொதியை மடியில் வைத்து, விரலால் நாரைத் தடவி எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. முடிச்சையும் தேடித் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் அவிழ்த்தான்.