அம்மா ஏறிய பந்தயக் கார்

என் தாய்மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியும், கிளப்பத்தான் தெரியாது. கிளம்பும் அந்த ஒரு நொடியிலேயே இரண்டு கியர்பாக்ஸ்களை உடைத்திருந்தார். பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுச் சந்தில் இரண்டும் சுவரோரமாகக் கிடந்தன. அம்மா ஒன்றின் மேல் ரோஜாத் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டாள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. மாமா எங்களோடுதான் இருந்தார். பகலில் ஒரு கம்பெனியில் வேலை. சாயங்காலமானால் தன் பழைய காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் காலத்துக் கார். யாரோ ஒரு டாக்டர் இருபது வருடம் பத்திரமாக, மெதுவாக ஓட்டிவிட்டு விற்றது. அதைத்தான் மாமா பந்தயக் காராக மாற்றிக்கொண்டிருந்தார். பின்சீட்டைக் கழற்றினார், அகலமான டயர் போட்டார், எஞ்சினைப் பிரித்துப் பிரித்து மாட்டினார். நேர் ரோட்டில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கொடி இறங்கியதும் பாய்ந்து, யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று பார்க்கும் பந்தயம். வளைவு, திருப்பம் எதுவும் கிடையாது. அப்படியென்றால் அதற்கு ஸ்டியரிங் எதற்கு என்று அப்பா கேட்டார். சைக்கிளும் மொபெட்டும் தவிர வேறெதையும் ஓட்டியறியாத மனிதர் அவர்.

கியர்பாக்ஸ் ஏன் உடைகிறது என்று ஒருநாள் சாப்பிடும்போது மாமா விளக்கினார். எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரம் சும்மா நிற்கிறது. கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் இரண்டும் ஒரே அடியாகக் கோத்துக்கொள்ளும். முன்பெல்லாம் டயர் வழுக்கிவிடும். இந்தப் புது டயர் தரையைக் கவ்விக்கொண்டு வழுக்கமாட்டேன் என்கிறது. அதனால் அந்த அடி முழுவதும் நடுவிலிருக்கும் கியரில் விழுகிறது.

"டயரு வழுக்கலன்னா கிளட்சாவது கொஞ்சம் வழுக்கணும் மாமா," என்று அப்பாவிடம் சொன்னார். "ரொம்ப வழுக்குனா ப்ளேட்டு கருகிடும். வழுக்கவே இல்லன்னா கியரு போயிடும். நடுவுல ஒரு அளவு இருக்கு."

அந்த அளவு மாமாவுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய இடது காலுக்குத்தான் தெரியாது. கொடியைக் கண்டதும் அது தவளை மாதிரி குதித்துவிடும்.

வீட்டின் முன்னறையில் அம்மா பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். அந்த வருடம்தான் ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, கதவின் தலையில் ஒரு டோர் குளோசரும் மாட்டியிருந்தாள். யார் எவ்வளவு வேகமாகக் கதவைத் தள்ளிவிட்டு வந்தாலும் அது அவசரப்படாமல் வந்து, சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். தெருப் பெண்கள் அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு தடவை வெளியே போய் உள்ளே வருவார்கள்.

மாமா ஒருநாள் அந்தக் கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். திறந்தார், விட்டார். மறுபடி திறந்தார், விட்டார். பக்கவாட்டிலிருந்த சிறிய திருகாணியைத் திருப்பினார். கதவு இன்னும் மெதுவாக வந்தது. இன்னொரு பக்கம் திருப்பினார். கொஞ்சம் வேகமாக வந்தது. பிறகு அம்மாவிடம் போய், இதைக் கிளட்ச் பெடலில் மாட்டினால் தன் கால் எப்படிக் குதித்தாலும் பெடல் நிதானமாகத்தான் எழுந்துவரும், ஒரே ஒரு நாள் கொடு என்று கேட்டார். அம்மா மாவு பிசைந்த கையோடு அவரைப் பார்த்தாள்.

"கதவுல இருக்கறது கதவுலதான் இருக்கும்," என்றாள்.

அதற்குள் பந்தயமும் அறிவித்துவிட்டார்கள். வில்லியனூர் தாண்டி மனை போட்டிருந்த ஒருவர், மனை வாங்க ஆள் வராததால், தான் போட்ட தார் ரோட்டையாவது நாலு பேர் வந்து பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்த பந்தயம் அது. வீடே இல்லாத நகரில் ரோடு மட்டும் அம்பு மாதிரி நேராகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கையில், மாமா ஸ்டூல் மேல் நின்று டோர் குளோசரைக் கழற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய் போட வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

அப்பாவும் நானும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். கொடியசைக்க ஒரு சொல்தா தாத்தாவை அழைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் பதக்கங்களெல்லாம் குத்திக்கொண்டு, பந்தலில் உட்காராமல், வெயிலில் விறைப்பாக நின்றார்.

முதல் ஓட்டத்தில் கொடி இறங்கியது. மாமாவின் கால் வழக்கம்போல் குதித்தது. ஆனால் பெடல் குதிக்கவில்லை. பார்லர் கதவு சாத்துகிற அதே மரியாதையோடு எழுந்து வந்தது. கார் முனகியது, கருகல் நாற்றம் அடித்தது, புகையோடு நகர்ந்து, பிறகு பாய்ந்தது. இரண்டாவது கியருக்கும் பெடல் அதே மரியாதை காட்டியது. எதிர்க்கார் அதைவிடக் கிழடாக இருந்ததால் மாமா ஜெயித்தார். ஆனால் அவர் இறங்கியதும் செய்த முதல் காரியம், குனிந்து காருக்கு அடியில் பார்த்ததுதான். கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. வழுக்கல் கொஞ்சம் அதிகம் என்று சொல்லி, திருகாணியை ஒரு மயிரிழை தளர்த்தினார். அடுத்த ஓட்டத்தில் புகை குறைந்தது, வேகம் கூடியது. இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் அப்பாவின் செல்போன் அடித்தது. அம்மா.

பார்லரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அம்மா புருவம் எடுத்துக்கொண்டிருந்தாளாம். பெண்ணின் தங்கை இளநீரோடு உள்ளே வந்து கதவைப் பின்னால் தள்ளி விட்டிருக்கிறாள். கதவு வெடி மாதிரி அறைந்திருக்கிறது. நூல் துள்ளியதில் இடது புருவத்தின் வால் போய்விட்டது. சாயங்காலம் வரவேற்பு. இனி அந்தக் கதவு சத்தம் போடாது என்றால்தான் மறுபடி உட்காருவேன் என்று பெண் அழுதுகொண்டிருக்கிறாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாமே என்று அப்பா கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். போன் வைக்கப்பட்டது.

இறுதிப் போட்டிக்குக் கார்களை வரிசையில் நிறுத்தும்போது ஒரு ஆட்டோ புழுதியோடு வந்து நின்றது. கழுத்தில் நூல்கண்டு தொங்க, அம்மா இறங்கினாள். நேராகக் காரிடம் போனாள்.

"கழட்டுடா."

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். கழற்ற அரைமணி ஆகும், ஓடி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகாது, ஓடிவிட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினார். அம்மா காரைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். தம்பியின் வாக்கை நம்புவதில்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தவள் அவள். முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"ஓட்டு. நானும் வரேன். இது என் கண்ணு முன்னாடியேதான் இருக்கணும்."

மனைக்காரர் ஓடிவந்து ஆட்சேபித்தார். ஒருவர்தான் இருக்கலாம் என்று விதியிருக்கிறதா என்று அம்மா கேட்டாள். விதி என்று எதையும் அவர் யோசித்திருக்கவில்லை. சொல்தா தாத்தா வந்து, ஹெல்மெட் இல்லாமல் பெண்பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று சொல்லி, யாரிடமோ வாங்கி அம்மாவின் கொண்டைக்கு மேல் ஒன்றைக் கவிழ்த்தார். அப்பா என் கண்ணைப் பொத்தினார். பிறகு, தன் கண்ணைப் பொத்திக்கொள்ளக் கை வேண்டியிருந்ததால் என்னை விட்டுவிட்டார்.

பக்கத்தில் நின்றது திண்டிவனத்துக்காரரின் பளபளக்கும் கார். எங்களுடையதைவிட இரண்டு மடங்கு பலம் என்றார்கள். தாத்தா கொடியை உயர்த்தினார். காரில் பெண் இருந்ததாலோ என்னவோ, அவருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. "அன், தெ, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ணி முடித்துக் கொடியை இறக்கினார். மாமா பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர், கிளம்பிவிட்டார். திண்டிவனத்துக்காரர் தமிழிலோ இங்கிலீஷிலோ யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். பக்கத்துக் கார் போவதைக் கண்டதும் பதறி, கிளட்சிலிருந்து காலை ஒரே உதறாக எடுத்தார்.

எனக்குப் பழக்கமான சத்தம் கேட்டது. வீட்டுச் சந்தில் இரண்டு முறை கேட்ட அதே "டொப்". பளபளக்கும் கார் ஒரு முழம் துள்ளி, அங்கேயே நின்று எண்ணெய் கொட்டியது.

மாமாவின் கார் புகையைக் கக்கியபடி, அம்மாவின் முந்தானை ஜன்னலுக்கு வெளியே பறக்க, கோட்டைத் தாண்டியது. தாண்டியது, நிற்கவில்லை. அப்படியே நகரின் அலங்கார வளைவு வழியாக வெளியேறி நெல்லித்தோப்புக்குப் போய்விட்டது. கல்யாணப் பெண் காத்திருக்கிறாள் அல்லவா.

மைக்கில் வெற்றியாளரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் யாரோ அப்பாவைக் காட்டிக் கொடுக்க, அவரை மேடையேற்றி, மாலை போட்டு, கோப்பையைக் கையில் திணித்துப் படம் எடுத்தார்கள். தனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று அப்பா மைக்கிலேயே சொன்னார். கூட்டம் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டியது. அடுத்த மாதம் மனைக்காரரின் நோட்டீஸில் அந்தப் படம் வந்தது. அப்பாவின் ஆபீசில் அவரைக் கொஞ்ச காலம் மரியாதையோடு நடத்தினார்கள்.

நாங்கள் வீடு திரும்பியபோது டோர் குளோசர் கதவில் இருந்தது. பெண்ணுக்கு மை வைத்துப் புருவ வாலை வரைந்து அனுப்பிவிட்டிருந்தாள் அம்மா. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பயமாக இருந்ததா? கேட்டேன். வேலை கிடக்கிறது, போ என்றாள். மாமாவையும் ஒரு வாரம் திட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் திட்டும்போது நடுவில் நிறுத்தி, எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். கோபம் அதிகமாகிவிட்டால் பெரியவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. திட்டு பலித்துவிட்டது என்றார் அப்பா. செவ்வாய்க்கிழமைகளில் பார்லருக்கு விடுமுறை. திடீரென்று அம்மாவுக்குப் பக்தி கூடி, செவ்வாய்தோறும் வீராம்பட்டினத்து அம்மனைப் பார்க்கப் போகத் தொடங்கினாள். மாமாவும் ஷிப்டை மாற்றிக்கொண்டு காரில் கூட்டிப் போவார். மதியச் சாப்பாட்டுக்கு நான் பள்ளியிலிருந்து வரும்போதுதான் அவர்களும் வந்து இறங்குவார்கள். அம்மாவின் நெற்றியில் புதிதாகக் குங்குமம் இருக்காது. தலையில் பூ இருக்காது, கொண்டை மட்டும் ஹெல்மெட் போட்டுக் கழற்றியது போல அமுங்கியிருக்கும். முகம் மட்டும் சிவந்து, பளபளவென்று இருக்கும். சாமி எப்படி என்று அப்பா கேட்டால், நல்ல தரிசனம் என்பாள்.

பந்தயமே ஓடாத அந்தக் காருக்கு மாமா அந்த மழைக்காலத்துக்குள் இரண்டு முறை கிளட்ச் ப்ளேட் மாற்றினார். கடைக்காரன் மட்டச் சரக்கைக் கொடுத்து மாமாவை ஏமாற்றுகிறான் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, எனக்கும் அப்படித்தான் தோணுது என்றார்.